தறிக்காரன் மகன் தராசு பிடித்தான்!

அரண்மனையில் பிறந்தவரல்லர், ஆஸ்தி கொண்ட குடும்பத்தில் உதித்தவருமல்லர். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பர்லண்டு வட்டாரத்தில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்றோர் குக்கிராமம். அங்கே கைத்தறியை நம்பி வயிறு வளர்த்த ஜோசப் டால்டன் என்ற நெசவாளியின் வீட்டில் 1766ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் ஜான் டால்டன். இன்று இரசாயனம் படிக்கப் புகும் மாணவன் எந்த நாட்டானாயினும், முதற் பாடங்களிலேயே சந்தித்தாக வேண்டிய பெயர் அது.

கோலி விளையாடும் வயது பன்னிரண்டு. அந்த வயதில் டால்டன் கிராமப் பள்ளியிலே ஆசிரியர்! எதிரே அமர்ந்திருந்த பையன்களில் சிலர் வாத்தியாரைவிட மூத்தவர்கள். பள்ளிச் சம்பளம் பசியைத் தீர்க்கவில்லை; வயல் வேலைக்கும் போனார். பிறகு கெண்டல் என்ற ஊரில், அண்ணன் பணியாற்றிய பள்ளிக்குச் சென்று சேர்ந்தார். அங்கேதான் ஜான் காஃப் என்ற அறிஞரின் நட்புக் கிடைத்தது. காஃப் இரு விழியும் இழந்தவர். அந்த விழியிழந்தவர்தாம் இந்த இளைஞருக்குக் கணிதமும் கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தந்து, காற்றையும் மழையையும் நாள்தோறும் அளந்து ஏட்டில் குறிக்கும் பழக்கத்தையும் ஊட்டினார். 1787 மார்ச்சு 24இல் தொடங்கிய அந்தக் குறிப்பை டால்டன் சாகும் வரையில், 57 ஆண்டுகள், விடாமல் எழுதினார். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள்!

இவ்வளவு ஆர்வம் படைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஏன் போகவில்லை? பணமில்லை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணத்தைத்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டால்டன் குடும்பத்தார் குவேக்கர்கள்—குருமார் என்றொரு கூட்டத்தை ஏற்காத கிறித்தவப் பிரிவினர். ஆக்ஸ்ஃபோர்டிலோ, வாயிலில் நுழையும்போதே அரசாங்கத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கும்போது கேட்பார்கள். கணக்கு வருமா என்று கேட்பதற்கு முன் கர்த்தரை எந்த முறையில் தொழுகிறாய் என்று கேட்ட காலம்! அந்தச் சோதனையைப் பெரும்பாலும் ஒழித்த சட்டம் வந்தது 1871இல்தான். டால்டன் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து.

கதவு சாத்தப்பட்டதால் கற்பது நிற்கவில்லை. 1793இல் பஞ்சாலைப் புகை சூழ்ந்த மான்செஸ்டருக்கு வந்தார். தம்மைப் போல் ஒதுக்கப்பட்டவர்கள் நடத்திய கல்லூரியில் கணிதம் போதித்தார். 1800இல் அதைவிட்டு வெளியேறியபின், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே காலம் தள்ளினார். ஐரோப்பா முழுதும் பெயர் பரவிய பின்னரும் அதுதான் பிழைப்பு. இவரைக் காணப் பாரிசிலிருந்து வந்த ஒரு பேரறிஞர், மாடமாளிகையைத் தேடி அலைந்து, கடைசியில் ஒரு சிறுவனுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொண்டிருந்த எளிய மனிதரைக் கண்டு திகைத்தார் என்று சொல்வதுண்டு.

அப்படி என்ன செய்துவிட்டார்? அணு என்ற சொல்லையா கண்டுபிடித்தார்? இல்லை. அது கிரேக்கத்துத் தத்துவவாதிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேசிய பேச்சு. ஆனால் பேச்சு பேச்சாகவே கிடந்தது. இருக்கிறது என்றார் சிலர், இல்லை என்றார் சிலர். டால்டன்தாம் தராசைக் கொண்டுவந்து வைத்தார்.

மான்செஸ்டரைச் சுற்றியிருந்த குட்டைகளில் சேற்றைக் கிளறுவார். குமிழி குமிழியாக எழும் வாயுவைப் புட்டியில் பிடிப்பார். சதுப்பு வாயு என்று அதற்குப் பெயர். இன்று மீத்தேன் என்கிறோம். அதிலே இருப்பவை கரியும் ஹைட்ரஜனும். அதே இரண்டும் சேர்ந்த இன்னொரு வாயு எத்திலீன். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், 6 பங்கு கரிக்கு எத்திலீனில் 1 பங்கு ஹைட்ரஜன். சதுப்பு வாயுவில் சரியாக 2 பங்கு. ஒன்றே காலும் அல்ல, ஒன்றே முக்காலும் அல்ல; இருமடங்கு! ஏன் இந்தக் கறார்? தறியில் ஓர் இழை ஓடும், இரண்டு இழை ஓடும். ஒன்றரை இழை ஓடுமா? ஓடாது. பொருள்களும் அப்படித்தான், எண்ணக்கூடிய துணுக்குகளாக இணைகின்றன. துணுக்கைப் பாதியாக்கி இணைய முடியாது. நெசவாளி மகனுக்கு இது விளங்கியதில் வியப்பென்ன என்று நமக்குத் தோன்றுகிறது.

சரி, கண்ணுக்கே தெரியாத அணுவை எப்படி எடைபோடுவது? பட்டறைத் தோழர்களுக்கு இது எளிது. ஒரு பெட்டி நிறைய போல்ட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நட்டு. எத்தனை என்று எண்ண வேண்டாம். நட்டுகளைக் கழற்றி ஒரு குவியல், போல்ட்டுகள் ஒரு குவியல். இரண்டையும் நிறுத்தால், ஒரு நட்டைவிட ஒரு போல்ட்டு எத்தனை மடங்கு கனம் என்பது தெரிந்துவிடும். இதையே டால்டன் செய்தார். எல்லாவற்றிலும் இலேசான ஹைட்ரஜன் அணுவை 1 என வைத்து, மற்ற அணுக்களின் எடையை மடங்காகக் கணக்கிட்டார். முதல் பட்டியல் 1803ஆம் ஆண்டு அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. 1808இல் நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒரு தனிமம் என்றால் ஒரே வகை அணு. சேர்மம் என்றால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணைந்த அணுக்கள். இரசாயன மாற்றம் என்றால் அணு பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை, கூட்டணி மாறுவதுதான். இன்றைய பாடப்புத்தகத்தின் அடித்தளம் இதுவே.

ஆனால் நாம் துதிபாட வரவில்லை. அவர் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டு இருந்தால்? கணக்குக் கவிழ்ந்துவிடும் அல்லவா! தண்ணீரில் அதுதான் நடந்தது. ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்ததே தண்ணீர் என்று டால்டன் கொண்டார். எளிமையாக இருக்கட்டும் என்று கொண்டதுதான்; நிறுத்துப் பார்த்துக் கொண்டதல்ல. ஆகவே ஆக்ஸிஜனின் எடை 7 என்று எழுதினார். உண்மையில் ஹைட்ரஜன் இரண்டு. ஆக்ஸிஜனின் எடை 16. 1808இலேயே பிரான்சு நாட்டு கே-லுசாக், இரண்டு படி ஹைட்ரஜனும் ஒரு படி ஆக்ஸிஜனும் கூடுவதை எடுத்துக் காட்டினார். 1811இல் இத்தாலியின் அவகாட்ரோ அதற்கு விளக்கமும் தந்தார். டால்டன் கே-லுசாக்கின் அளவுகளை ஏற்கவே இல்லை, பிடிவாதமாக மறுத்தார். குழப்பம் தீர வழி பிறந்தது 1860இல், கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய இரசாயன அறிஞர் மாநாட்டில், கன்னிசாரோ அவகாட்ரோவை நினைவூட்டிய பிறகுதான். அணுவைப் பிளக்க முடியாது என்றதும் பின்னாளில் பொய்த்தது. அணுவின் நடுவே கரு இருப்பதை 1911இல் ரூதர்ஃபோர்டு கண்டு சொன்னது, டால்டன் குடியிருந்த அதே மான்செஸ்டரில்!

வாயில் சாத்திய ஆக்ஸ்ஃபோர்டு 1832இல் அவரை அழைத்துக் கௌரவப் பட்டம் சூட்டியது. 1834இல் மன்னரைக் காணச் சென்றபோது அந்தப் பட்டத்துக்குரிய செக்கச் சிவந்த அங்கியை அணிய நேர்ந்தது. பகட்டு நிறம் குவேக்கருக்கு ஆகாதே! டால்டன் கலங்கவில்லை. அவர் கண்ணுக்கு அது மண்ணின் நிறமாகத்தான் தெரிந்தது என்பர். ஆம், அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. அந்தக் குறையைத் தம்மிடமே கண்டு, ஆராய்ந்து, 1794இலேயே மான்செஸ்டர் அறிஞர் சங்கத்தில் கட்டுரை படித்தவர் அவர். நிறக்குருட்டுக்கு டால்டனிசம் என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

1844 ஜூலை 27இல் மறைந்தார். நகர மண்டபத்தில் கிடத்திய உடலைக் காண நாற்பதாயிரம் பேர் வரிசையில் வந்தனர். தம் விழிக்குள் இருக்கும் நீர் நீல நிறமாக இருப்பதால்தான் நிறம் மாறித் தெரிகிறது என்பது டால்டன் வைத்திருந்த கருத்து. அது சரியா என்று, தாம் செத்தபின் கண்ணைத் தோண்டிப் பாருங்கள் எனச் சொல்லி வைத்திருந்தார். மருத்துவர் அப்படியே செய்தார். நீர் தெளிவாக இருந்தது, நீலமில்லை. எஞ்சிய கண் பகுதியைக் காத்து வைத்தனர். 1995இல் அதிலிருந்து மரபுக்கூற்றை எடுத்து ஆராய்ந்தவர்கள், பச்சை ஒளியை உணரும் கூறு டால்டனுக்கு இல்லாமலிருந்தது என்று கண்டறிந்தார்கள்.