பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த தோட்டம்

பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ.தி.சம்பந்தனை மாணவர்களாகிய நாம் வரலாற்றுப் பாடத்தில் சந்தித்திருப்போம். ரப்பர் தோட்டத் தொழிலாளிகளுக்காக அவர் செய்த ஒரு வேலையையும் நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

சம்பந்தன் 1919 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தை வீராசாமி 1896இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, பின்னாளில் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். சம்பந்தன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

கப்பலேறி வந்தவர்களில் வீராசாமியைப் போல நிலம் வாங்கியவர்கள் மிகச் சிலரே. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களானாலும் பேராக் தோட்டங்களானாலும் மற்றவர்களின் வாழ்க்கை ஒன்றுதான். விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா போட்டுத் தூக்கிச் சென்று நிறுவைக்கு வைக்க வேண்டும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது; கூலியும் இருக்காது. குடியிருந்த லயத்து வீடும் தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போய்விடும்.

சம்பந்தன் 1955இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு தொழிலாளர் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்றார். நாடு சுதந்திரத்தை நெருங்கிய அந்தக் காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். துண்டுகளை வாங்கிய சிறு உரிமையாளர்களுக்குப் பழைய தொழிலாளர்கள் தேவைப்படவில்லை. தலைமுறையாக அங்கேயே உழைத்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நேரத்தில் இழந்தன.

விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக்கூடாது என்று சம்பந்தன் யோசித்தார். அதன் விளைவாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாள் கூலி ஏறக்குறைய மூன்று வெள்ளியாக இருந்த காலத்தில் பத்து வெள்ளி சிறிய தொகை அல்ல. கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று பலர் சந்தேகப்பட்டனர். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசி உறுப்பினர்களைச் சேர்த்தார்.

சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். அதைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. பால்மரம் வெட்டியவர்களே அந்த நிலத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

இதன் அருமையை உணர கிள்ளான் பள்ளத்தாக்கைப் பார்த்தால் போதும். இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்ட் தோட்டம். ஷா ஆலம் நகரும் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்தது. ஆனால் அங்கே காலமெல்லாம் உழைத்தவர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு பங்கும் இருக்கவில்லை.

சம்பந்தன் 1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். 1979 மே 18ஆம் நாள் காலமானார். தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தும், குடும்பச் சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்வில் செலவழித்தவர் அவர்.

இன்று நம் நாட்டின் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களும் முதலாளி கொடுத்த இடத்தில்தான் தங்குகிறார்கள். வேலை முடிந்தால் அவர்களுக்கும் அந்த இடம் இல்லை. நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த வாழ்க்கை இன்னும் முடியவில்லை; வாழ்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்து இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாம் அவர்களை அந்நியர்களாகப் பார்ப்பது நியாயமாகாது.