அடித்தளத்தைத் தேடிய அறிஞர்

பொருளியல் பயின்ற எவரும் பண அளவுக் கோட்பாட்டையும் இர்விங் பிஷரின் சமன்பாட்டையும் மறந்திருக்க மாட்டார்கள். மாணவனாக அதனை மனப்பாடம் செய்த நான், அப்பெயருக்குப் பின்னே இருந்த மனிதரைத் தேடியது, பட்டு அறிந்த பிறகுதான்.

2008ஆம் ஆண்டில் பங்கு விலைகள் பாதியாகக் குறைந்தன. இனி இறங்காது என்று நம்பி, கடன் வாங்கிப் பங்குகள் வாங்கினேன். விலை மேலும் இறங்கியது. கடன் கொடுத்தவர் நெருக்கவே, 2009 மார்ச்சில் நட்டத்திற்கு விற்றேன். அதன் பின்னரே சந்தை ஏறத் தொடங்கியது!

பிஷர் 1867இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 17 வயதில் தந்தையை இழந்தார். பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருள் ஈட்டியவாறே யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1891இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1898இல் காசநோய் பற்றியது. மூன்று ஆண்டுகள் போராடி மீண்டார். குறிப்பு அட்டைகளை ஒரே பார்வையில் காணுமாறு அடுக்கும் சாதனத்தைக் கண்டுபிடித்துப் பெருஞ்செல்வரானார். தம் பங்குகளை ஈடு வைத்து மேலும் பங்குகள் வாங்கினார்.

1929 செப்டம்பர் 3இல் டோ ஜோன்ஸ் குறியீட்டெண் 381. நவம்பர் 13இல் அது 199க்குச் சரிந்தது. பின்னர் 1930 ஏப்ரலில் 294 வரை ஏறியது. ஆபத்து நீங்கியது என்று நம்பியவர்களுள் பிஷரும் ஒருவர். ஆனால் அது உண்மையான அடித்தளம் அன்று. 1932 ஜூலை 8இல் எண் 41 ஆயிற்று. நூறு டாலர் பதினொரு டாலரான கதை! பிஷரின் செல்வம் கரைந்தது. மனைவியின் தமக்கையிடம் கடன்பட்டார். அவரது வீட்டைப் பல்கலைக்கழகமே வாங்கி அவருக்கு வாடகைக்கு விட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. தம் வீழ்ச்சியையே ஆராய்ந்து, 1933இல் கடன்-பணவாட்டக் கோட்பாட்டை வெளியிட்டார். கடனை அடைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலைகள் வீழ்கின்றன. விலை வீழ வீழ, எஞ்சிய கடனின் சுமை கூடுகிறது. ஆகவே, எவ்வளவு இறங்கிவிட்டது என்று பார்ப்பது போதாது. கடன்பட்டோர் விற்று முடித்துவிட்டனரா என்று பார்த்தல் வேண்டும்.

அதே 1932இல் பெஞ்சமின் கிரகாம் வேறொரு அடையாளத்தைக் காட்டினார். பல நிறுவனங்களின் பங்குகள், அவற்றின் கையிருப்பு நடப்புச் சொத்துக்களைவிடக் குறைந்த விலைக்கு விற்றன. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. 1929 அக்டோபர் 29இல் ஒரு கோடியே அறுபது லட்சத்திற்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறிய சந்தையில், அடித்தளம் கண்ட நாளில் பத்து லட்சம் கூடக் கைமாறவில்லை. ஆரவாரம் அடங்கி, பேச்சே இல்லாத நாளாக அது இருந்தது.

1947இல் பிஷர் கடனாளியாகவே மறைந்தார். 1929இன் உச்சத்தைச் சந்தை மீண்டும் எட்டியது 1954இல்தான். 2008 நெருக்கடிக்குப் பின் அறிஞர்கள் அவரது கோட்பாட்டை மீண்டும் விரும்பிப் படித்தனர்.

அடித்தளம் எது என்பது கடந்து சென்ற பின்னரே உறுதியாகும். அதுவரை காத்திருக்கச் சொந்தப் பணத்தால் இயலும்; கடன் பணத்தால் இயலாது. வகுப்பில் அச்சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் இதனையும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.