கை கழுவச் சொன்னவர்

வியன்னா நகரின் பொது மருத்துவமனை. நிறைமாதப் பெண்ணொருத்தி மண்டியிட்டுக் கைகளைப் பிசைந்து கதறுகிறாள். பிரசவத்திற்கு இடம் கேட்டா? இல்லை! தன்னை முதல் பிரிவில் மட்டும் சேர்க்க வேண்டாம், இரண்டாம் பிரிவிற்கு அனுப்பிவிடுங்கள் என்பதே அவள் மன்றாட்டு. 1846ஆம் ஆண்டில் அங்கே இத்தகைய காட்சிகள் புதியனவல்ல.

அவ்வாண்டு அம்முதல் பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றவர்தான் இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரி நாட்டின் புடா நகரில் 1818 ஜூலை முதல் நாள் ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தவர். சட்டம் பயில வியன்னா வந்து மருத்துவத்திற்கு மாறியவர்.

இரு பிரிவுகளும் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்தவை. ஒரு நாள் வருவோர் இதில், மறுநாள் வருவோர் அதில். ஏழைப் பெண்களும் மணமாகாத தாய்மாரும் அங்கே செலவின்றிப் பிள்ளை பெறலாம். ஈடாக, பயில்வோர் தங்களைக் கொண்டு கற்க இசைய வேண்டும். முதல் பிரிவில் பயின்றோர் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று அஞ்சினார்களே, அந்நோயால் முதல் பிரிவில் நூற்றுக்குச் சுமார் பத்துத் தாய்மார் மாண்டனர். இரண்டாவதில் நான்குக்கும் குறைவு.

இதனை ஊரே அறிந்திருந்தது. ஆகவே சிலர் வழியிலேயே பிள்ளையைப் பெற்றுக்கொண்டு, பிறகு குழந்தையோடு வந்து சேர்ந்தனர். தெருவில் பெற்றவர்களுக்கு ஜன்னி கண்டது மிகக் குறைவு என்பதே வியப்பு! மருத்துவர்களோ காற்றிலுள்ள கேடு என்றனர். பெண்களின் அச்சமே காரணம் என்றும் சொன்னார்கள். செம்மல்வைஸ் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இரண்டாம் பிரிவைப்போல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சாகும் நிலையிலுள்ளோரைக் காணவரும் பாதிரியாரின் மணியோசையை நிறுத்தினார். சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவர் நண்பர் கொலெச்கா இறந்தார். பிண ஆய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடலை ஆராய்ந்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். ஜன்னியில் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட அதே அடையாளங்கள்! மருத்துவர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வந்தனர். சோப்புப் போட்டும் பிணவாடை போகாத கைகள் அவை. மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அங்கே மற்ற எவரினும் மிகுதியாகப் பிண ஆய்வு செய்தவர் அவரே அல்லவா? காரணத்தைத் தேடித்தேடித் தம் கையாலேயே எத்தனை பேரைக் கொன்றோமோ என்ற வேதனை கடைசிவரை அவரை விடவில்லை. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். நான் அவரை வணங்குவது இதற்காகவே.

மே மாதம் முதல், சலவைத்தூள் கரைசலில் கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடக்கூடாது என்று ஆணையிட்டார். வேதியியல் மாணவரான நாம் ஒரு சமன்பாடாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் அதே பிளீச்சிங் பவுடர்தான்! ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டானது. 1848இல் மார்ச், ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் ஒரு தாய்கூட ஜன்னியால் இறக்கவில்லை.

எனினும் பெரியோர் பலர் ஏற்கவில்லை. ஜன்னியை உண்டாக்கும் கிருமியைப் பாஸ்ட்டர் காட்டியது 1879இல்தான். மருத்துவரின் கை மாசுடையது என்பதைக் கேட்கவே அவர்களுக்குக் கசந்தது. செம்மல்வைசிடமும் குறையுண்டு. தம் நூலை 1861வரை வெளியிடாமல் தாமதித்தார். பின்னர் எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே கடிதங்களில் சாடினார். கை கழுவ மறுத்தவர்கள் அவரையே கை கழுவிவிட்டனர். 1849இல் பதவி நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு நண்பர்களிடமும் சொல்லாமல் வியன்னாவை விட்டு வெளியேறினார். பெஸ்ட் நகரில் ஆறாண்டுகள் ஒரு மருத்துவமனையில் ஜன்னிச் சாவை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வைத்திருந்தார்.

1865இல் மனம் கலங்கிய அவரை ஏமாற்றி வியன்னாவின் மனநோய் விடுதிக்கு அழைத்துச் சென்றனர். இரண்டே வாரங்களில், ஆகஸ்டு 13ஆம் நாள், தமது 47ஆம் வயதில் இறந்தார். உடலில் பட்ட புண் சீழ்பிடித்து இரத்தம் நஞ்சாகிவிட்டது. கொலெச்காவையும் முதல் பிரிவுத் தாய்மாரையும் கொண்டுபோனது போன்றதொரு சாவுதான்.