விண்மீன் குறி தந்த அறிஞர் கிளேனி

ஒருவர் வெட்டிய கிணற்றில் பல தலைமுறையினர் நீர் அருந்துவர். வெட்டினவர் பெயரை அறிந்தாரோ மிகச் சிலர். இக்காலத்தில் கணிப்பொறியிற் சொல் தேடுவோரும், இணையதளங்களிற் பெயரும் முகவரியும் பதிவோரும் தம்மையறியாமலே பயன்கொள்ளும் ஒரு கருவியை ஆக்கித் தந்த ஸ்டீபன் கோல் கிளேனி என்பார் அத்தகைய பெரியாருள் ஒருவர். அவர்தம் வரலாற்றையும், அவர் கண்ட உண்மையைப் பிற்காலத்தார் கைவிட்டமையால் விளைந்த இடரையும் ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

கிளேனியார் 1909 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள ஹார்ட்ஃபர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் பொருளாதாரப் பேராசிரியர். தாயார் கவி பாடும் திறம் வாய்ந்தவர். அவர் பெயரைப் பலர் க்ளீன் என்றும் க்ளீனி என்றும் ஒலிப்பினும், அவர் தாமே வழங்கிய ஒலி கிளேனி என்பதாம். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1930 இற் பட்டம் பெற்று, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச் என்னும் தர்க்கப் பேரறிஞரிடம் பயின்று 1934 இல் டாக்டர் பட்டமும் எய்தினார். 1935 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணியாற்றி, 1946 இல் மீண்டும் அங்கே சென்று, 1979 இல் ஓய்வு பெறும்வரை மாணாக்கரைப் பயிற்றினார். 1952 இல் அவர் வெளியிட்ட கணித அடிப்படை நூல் இன்றும் அறிஞராற் போற்றப்படுகின்றது. மலையேறுவதிலும் இயற்கையைப் பேணுவதிலும் அவர்க்கிருந்த விருப்பம் பெரிது.

1951 ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்திற் சில காலம் தங்கினார். மக்கலக், பிட்ஸ் என்னும் இருவர் 1943 இல் நரம்புகளின் தொழிலைக் கணித முறையில் விளக்கியிருந்தனர். அத்தகைய நரம்பு வலையொன்று எவ்வெவ் அமைப்புக்களை அடையாளங் காணவல்லது என்பதே கிளேனியார் தமக்குள் எழுப்பிக்கொண்ட வினா. அவ்வினாவிற்கு அவர் கண்ட விடை 1956 இல் அச்சேறியது. அதிற் பிறந்ததே ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படுவது. அதனை ஒழுங்கு வாய்பாடு என ஈண்டு வழங்குவோம்.

வாய்பாடு என்னுஞ் சொல் யாப்பு பயின்ற நமக்குப் புதியதன்று. நேராவது நிரையாவது முன்வர, அதன்பின் நேர் வருவது மாச்சீர். இவ்வொரு விதியுள் தேமாவும் புளிமாவும் அடங்குகின்றன. இரண்டில் ஒன்று வருதல், ஒன்றன்பின் ஒன்று வருதல் ஆகிய இருசெயல்களும் இதில் உள்ளன. அத்தகைய சீர் எத்தனை முறையேனும் அடுக்கி வரலாம் என்போமாயின் மூன்றாவது செயலும் கூடிவிடும். இம்மூன்றே கிளேனியார் கொண்ட கருவிகள். மூன்றாவதற்கு அவர் இட்ட விண்மீன் வடிவக் குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இம்மூன்று செயலால் ஆகும் வாய்பாடு எதுவாயினும், அதனை அறிய வரம்புற்ற நிலைகளையுடைய ஒரு பொறி போதும் என்பது அவர் நிறுவிய உண்மை. அப்பொறி எழுத்துக்களை முதலிலிருந்து இறுதிவரை ஒரேமுறை வாசித்துச் சென்று விடை கூறிவிடும். திரும்பி வர வேண்டுவதில்லை. ஆந்திர எல்லையை அடுத்த நம் திருத்தணி மலைக்கு நாளுக்கொன்றாக 365 படிகள் உண்டு. ஒவ்வொரு படியையும் ஒருமுறை மிதித்து உச்சி சேர்பவன் 365 அடியில் வேலையை முடிக்கின்றான். மலையேறுதலில் மகிழ்ந்த கிளேனியாரின் பொறியும் இத்தகையதே.

1968 இல் கென் தாம்ப்சன் என்னும் பொறியறிஞர், நேரக்கூடிய நிலைகள் அனைத்தையும் ஒருங்கே கையிற்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக முன்னேறும் முறையை வெளியிட்டார். பின்வந்தோர் பலர் வேறு வசதிகளை விரும்பி, ஒரு வழியைத் தேர்ந்து சென்று, அது தவறின் பின்வாங்கி மற்றொரு வழியை நாடும் முறையைக் கைக்கொண்டனர். பெரும்பாலும் அம்முறை விரைந்தே செல்லும். ஆதலின் அதனுள் ஒளிந்திருந்த தீங்கு நெடுங்காலம் புலப்படவில்லை.

அத்தீங்கு யாதெனின், முதற்படி தொடங்கி உச்சிவரை ஏறிய ஒருவன், கதவு அடைத்திருக்கக் கண்டு இறங்கி, இரண்டாம் படியிலிருந்து மீண்டும் ஏறி, பின்னர் மூன்றாம் படியிலிருந்து ஏறி, இவ்வாறே இறுதிப்படிவரை முயல்வானாயின், அவன் மிதிக்கும் படிகள் 66,795 ஆகும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. அடியுட் சீர் எத்தனையும் வரலாம், சீருள் அசை எத்தனையும் வரலாம் என ஒரு வாய்பாட்டுள் மற்றொன்றை வரையறையின்றி அடக்கினால், 21 அசைகளைச் சீர்களாகப் பிரிக்கும் வகை 10,48,576 ஆகும். 31 அசைகளாயின் 107 கோடிக்கு மேற்படும். இறுதியில் இருக்கவேண்டிய ஓர் எழுத்து இல்லையாயின், பின்வாங்கும் பொறி இத்தனை வகையையும் சோதித்தே இல்லையென்று கூறும்.

இது வெறுங் கணக்கன்று. 2016 ஜூலை 20 ஆம் நாள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் தளம் 34 நிமிடம் முடங்கிற்று. ஒருவர் பதிந்த வரியில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்திருந்தன. வரியிறுதி வெற்றிடத்தை நீக்குதற்கிட்ட வாய்பாடு ஏறத்தாழ 20 கோடி சோதனை செய்ய நேர்ந்தது. 2019 ஜூலை 2 ஆம் நாள், கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் காவலுக்கென இட்ட புதிய விதியொன்றிலிருந்த வாய்பாடே அதன் கணிப்பொறிகளின் ஆற்றல் முழுவதையும் விழுங்க, அதனைச் சார்ந்த எண்ணற்ற தளங்கள் 27 நிமிடம் தடைப்பட்டன. இவ்விரண்டும் பகைவர் செய்தனவல்ல. ஆயின், தீயோன் ஒருவன் வேண்டுமென்றே இத்தகைய எழுத்துக்கோவையை அனுப்புவானாயின், சிறு செய்தியொன்றாலேயே பெருந்தளத்தை முடக்குதல் கூடும். சீட்டுக் கொடுப்பவரை ஒருவனே முடிவில்லாத கேள்வியால் மடக்கிவைப்பின், வரிசையில் நிற்போர் அனைவரும் வண்டியைத் தவறவிடுவர் அன்றோ? இணையதளம் அமைப்போர் அடித்தளமாகக் கொள்ளும் ஜாங்கோவில் 2019 இலும், ரெயில்ஸில் 2023 இலும் இவ்வகைக் குறைகள் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டன. ஓர் அடித்தளத்திற் குறையிருப்பின், அதன்மேல் எழுந்த தளங்கள் பலவற்றுக்கும் அஃது உண்டாம்.

இதற்கு மருந்தும் கிளேனியார் வழியிலேயே கிடைத்தது. 2010 இற் கூகுள் வெளியிட்ட ஆர்.ஈ.2 என்னும் நிரலும், கோ, ரஸ்ட் மொழிகளின் வாய்பாட்டு நிரல்களும் பின்வாங்குதலை ஒழித்தன. அதன்பொருட்டுச் சில வசதிகளைத் துறக்கவும் இசைந்தன. ரூபி மொழி 2022 இறுதியில், சோதித்த வழியை நினைவிற் கொள்ளும் முறையையும், கால வரம்பு விதிக்கும் வசதியையும் ஏற்றது. வருஞ்செய்தியின் நீளத்தை முன்னரே வரையறுத்தலும் நன்று.

கிளேனியார் தொடங்கிய இத்துறை நம் நாட்டிலும் தழைத்தது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் கூடி, நம் மகளிர் வாயிலில் இடும் கோலங்களுக்கும் இலக்கணம் வகுத்து 1974 இல் உலகோர் முன் வைத்தனர்.

கிளேனியார் 1990 இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியற் பதக்கம் பெற்று, 1994 ஜனவரி 25 ஆம் நாள் மாடிசன் நகரில் மறைந்தார். தளங்கள் முடங்கிய பின்னர்ப் பிறர் தேடிய மருந்தின் மூலம், அவருடைய தாள்களில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. மாணவ நண்பர்களே, பயனை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அடிப்படையைக் கல்லாது விடுவோர்க்கு அக்கல்லாமையே ஒருநாள் தடையாய் எழும். நிரல் எழுதப் புகுவோர் நம்முட் பலர். மூல நூலைக் கற்று, ஒரு படியை ஒருமுறையே மிதித்து ஏறும் வழியை அவர்கள் அறிந்துகொள்வார்களாக.