மனப்புண் அறிந்த மாவீரர்

போரில் பட்ட புண்ணைத் தமிழர் விழுப்புண் என்று போற்றினர். மார்பில் வடுத் தாங்கிய வீரனை ஊர் மதித்தது. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிப் பூச்சூட்டி வணங்கியது. புறங்காட்டியவனையோ ஊர் மன்னிக்கவில்லை. இவ்வாறு புகழும் பழியும் உடலிற் பட்ட புண்ணைக் கொண்டே அளக்கப்பட்டன. ஆனால், உடலில் ஒரு கீறலுமின்றி வீடு திரும்பி, இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்து, சிறு ஓசைக்கும் திடுக்கிட்டு, மனைவி மக்களோடும் மனம் ஒட்டாமல் வாழும் வீரனை எக்கணக்கில் சேர்ப்பது? அவன் பட்டதும் போர்ப்புண்ணே. காட்டுவதற்கு வடு இல்லாத ஒரே காரணத்தால் அவனைக் கோழை என்று ஏசிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் முற்றும் கழிந்துவிட்டது என்று நம்மால் துணிந்து கூற இயலவில்லை.

தலைநகரில் வாழும் நமக்குப் போர் நினைவுச் சின்னங்கள் புதியன அல்ல. 1931-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இந்தியா கேட்டையும், அதனருகே 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம். சுற்று இரயில் பாதையில் செல்வோர், பிரார் ஸ்கொயர் நிலையத்தருகே போர்க் கல்லறைத் தோட்டம் இருப்பதை அறிவர். இம்மூன்றும் மாண்டோரை நினைவுகூர்வன. போரில் மாளாமல் மீண்டு, மீண்டும் வாழ வழி தெரியாமல் நின்றோரை எண்ணிய ஒருவரின் பெயரும் இந்நகரில் ஓரிடத்தில் உண்டு. ஓக்லாவிலுள்ள செஷையர் இல்லமே அது. ஊனமுற்றோர் வாழும் அவ்வில்லத்தின் பெயரைக் கேட்போரில் பலர், அப்பெயருக்குரியவர் ஒரு துறவியோ, மருத்துவரோ என்று கருதுகின்றனர். அவர் ஒரு போர்விமானி. அவர் நடத்த முயன்ற முதல் அறப்பணி, படையிலிருந்து திரும்பியோருக்கான இல்லமே. அம்முயற்சி தோல்வியுற்றது. அத்தோல்வியிலிருந்து அவர் கற்றதைச் சொல்வதே நம் நோக்கமாகும்.

லெனார்டு செஷையர் 1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் இங்கிலாந்தில் செஸ்டர் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டில் சட்டப் பேராசிரியர். அவர் இயற்றிய சட்ட நூல்கள் நம் நாட்டுச் சட்ட மாணவருக்கும் பழக்கமானவை. மகனும் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் சட்டமே பயின்றார். ஆயினும் அவர் மனம் நூல்களைவிட வேகமான கார்களையும் கேளிக்கைகளையுமே மிகுதியும் நாடிற்று. பல்கலைக்கழக விமானப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து பறக்கக் கற்ற அவர், 1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது விமானப்படை அதிகாரியானார்.

அவர் சேர்ந்தது குண்டுவீச்சு விமானப் படை. அப்படையில் பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களுள் மாண்டோர் 55,573 பேர். முப்பது முறை பகைவர் நாட்டின்மீது பறந்து மீள்வது ஒரு பணித்தவணை. அத்தவணையை முடிக்காமலே மறைந்தோர் மிகப் பலர். செஷையர் நூறு முறை பறந்தார். 1940-ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவு, அவருடைய விமானத்துள் குண்டு வெடித்துப் பக்கச்சுவர் பிளந்து தீப்பற்றியது. நெருப்புக்கிடையே அவ்விமானத்தைத் தாய்நாட்டுக்கு ஓட்டி வந்து சேர்த்தார். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரான்சு நாட்டு லிமோஷ் நகரிலிருந்த விமான எந்திரத் தொழிற்சாலையைத் தாக்கும் கட்டளை அவருக்கு வந்தது. உள்ளே இரவு வேலையில் இருந்தோர் பெரும்பாலும் பிரெஞ்சுப் பெண்கள். எனவே குண்டு வீசுமுன் அவர் கூரையை உரசுவதுபோல் பன்முறை தாழப் பறந்து, அவர்கள் ஓடித் தப்ப அவகாசம் கொடுத்தார். நெடுங்காலம் இடையறாது காட்டிய வீரத்துக்காக, அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்டனின் தலைசிறந்த வீரப் பதக்கமாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பெற்றது.

இத்தகைய வீரரின் வாழ்வில் நாம் மறைக்கலாகாத ஒரு பகுதியும் உண்டு. பறக்க அஞ்சி நடுங்கும் விமானிகளை, மனவுறுதி அற்றோர் என்று முத்திரையிட்டு விலக்குவது அக்காலத்து விமானப்படை வழக்கம். முத்திரை பெற்றவன் தன் பதவிச் சின்னத்தை இழப்பான். தோழர் முகத்தில் விழிக்கவும் கூசுவான். புறமுதுகிட்டவன் என்று நம் முன்னோர் தூற்றியதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. செஷையர் 1942-ஆம் ஆண்டு முதல் 76-ஆம் பிரிவின் தலைவராக இருந்தார். தம் கீழ்ப் பணிபுரிந்தோரின் பெயர்களையெல்லாம் நினைவிற்கொண்டு, தரைப்பணியாளர் வரை அன்பொழுகப் பேசியவர் அவர். எனினும், அஞ்சியவன் எவனையும் ஒரு நாளும் தாமதியாமல் பிரிவிலிருந்து அகற்றிவிடுவார். ஒருவனது அச்சம் மற்றவர்க்கும் பரவும், அவன் மனத்தைப் பண்டுவம் பார்க்கப் போர்க்களத்தில் நேரமில்லை என்பது அவர் கொண்ட நியாயம். தலைவர் என்னும் நிலையில் அது அவருக்குத் தவிர்க்க முடியாததாகத் தோன்றியிருக்கலாம். அகற்றப்பட்டவனின் பிற்கால வாழ்வு என்னவாயிற்று என்று கேட்பார் அன்று இல்லை.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், நாகசாகி நகரில் அணுகுண்டு வீசப்பெற்றபோது, பிரிட்டன் சார்பில் பார்வையாளராகத் தொலைவில் ஒரு விமானத்திலிருந்து அக்காட்சியைக் கண்டவர் செஷையர். கலிங்கப் போர்க்களத்தைக் கண்டு அசோகன் மனம் மாறியதுபோல், நாகசாகியைக் கண்டு இவரும் மனம் மாறினார் என்று பலர் எழுதியுள்ளனர். கேட்க இனிமையாக இருப்பினும் அது உண்மையன்று. அக்குண்டு போரை முடித்துப் பல உயிர்களைக் காத்தது என்றே அவர் இறுதிவரை கருதினார். அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். அவரை மாற்றியது ஒரு நாள் கண்ட காட்சி அன்று. ஆறாண்டுக் காலம் அவருள் ஓசையின்றிச் சேர்ந்த சுமை. போர் முடிந்த சில மாதங்களில் அவர் உடலும் உள்ளமும் தளர்ந்தன. மருத்துவமனையில் சேர்ந்தார். 1946-ஆம் ஆண்டு ஜனவரியில், நரம்புத் தளர்ச்சியாலாகிய மனநோய் என்று மருத்துவர் முடிவு செய்ய, இருபத்தெட்டே வயதான அவ்வீரர் படையிலிருந்து விடுவிக்கப்பெற்றார். பிறரை எந்தக் குறைக்காகத் தம் பிரிவிலிருந்து நீக்கினாரோ, அதற்கு மிக அணித்தான குறை அவரையே வந்து அடைந்தது. நூறு முறை அஞ்சாது பறந்தவரைக் கோழை என எவர் சொல்வார்? மனப்புண் வேறு, கோழைமை வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை.

வீடு திரும்பிய வீரர் பலர் தம்மைப்போலவே தவிப்பதை அவர் கண்டார். போர்க்களத்தில் உயிருக்கு உயிரான தோழமையும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நோக்கமும் அவர்களுக்கு இருந்தன. ஊருக்குத் திரும்பியபின் இரண்டும் இல்லை. எனவே முன்னாள் வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் போர் விதவைகளும் ஒன்றாக உழைத்து ஒன்றாக வாழும் குடியிருப்புக்களை அமைக்கலாம் என்று அவர் பத்திரிகையில் எழுதினார். 1946-ஆம் ஆண்டில் லெஸ்டர்ஷையரில் ஒரு பெரிய மாளிகையில் முதற் குடியிருப்பு தொடங்கியது. அமைதியோடு செல்க என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துக்களால் அதற்குப் பெயரிட்டார். பின்னர் ஹாம்ப்ஷையரில் தம் உறவினருக்குரிய லெ கோர்ட் என்னும் மாளிகையை வாங்கிக் குடியிருப்பை அங்கே விரிவாக்கினார்.

கருத்து உயர்ந்தது, நடைமுறையோ இடர்ப்பட்டது. வந்தோர் பலருக்கும் தத்தம் துயரே பெரிதாக இருந்தது. யார் உழைப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்பவற்றில் பூசல் எழுந்தது. கடன் பெருகியது. வழிநடத்த வேண்டிய செஷையரோ மீண்டும் நோயுற்று, உடல் தேற்றக் கனடா நாட்டுக்குச் சென்றிருந்தார். 1947-ஆம் ஆண்டில் குடியிருப்பு கலைந்தது. எஞ்சியவை ஒரு வெறும் மாளிகையும் தலைக்குமேல் கடனுமே.

1948-ஆம் ஆண்டில் ஆர்தர் டைக்ஸ் என்பவரைப் பற்றிய செய்தி வந்தது. முன்பு அக்குடியிருப்பில் வாழ்ந்த அவர், புற்றுநோய் முற்றி மருத்துவமனையில் இருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வேறிடம் பார்க்கலாம் என்று மருத்துவமனையார் கூறிவிட்டனர். அவருக்குப் போக்கிடம் இல்லை. வண்டி வீடு ஒன்றை நிறுத்திக்கொள்ளச் சிறிது நிலம் வேண்டும் என்பதே செஷையரிடம் அவர் கேட்ட உதவி. செஷையர் அவரை மாளிகைக்கே அழைத்துச் சென்றார். பணியாளர் இல்லை, பணமும் இல்லை. சமைப்பதும், படுக்கை மாற்றுவதும், கழுவித் துடைப்பதும் விக்டோரியா சிலுவை பெற்ற அவ்வீரரின் கைகளே செய்தன. ஆகஸ்டு மாதத்தில் ஆர்தர் அமைதியாக உயிர் நீத்தார். அதற்குள் வேறு நோயாளரும் வரத் தொடங்கினர். விரைவில் இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். அவ்வாண்டு இறுதியில் செஷையர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார்.

முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் இடையே உள்ள வேற்றுமையை நாம் கருத வேண்டும். முதலில் அவர் ஒரு திட்டத்தைக் கொடுத்தார். அதற்கேற்ற மனிதரைத் தேடினார். பின்னர் எதிரே நின்ற ஒரு மனிதனுக்குத் தம்மையே கொடுத்தார்; திட்டம் தானே பிறந்தது. ஆர்தருக்குச் செய்த பணி, செய்தவருக்கும் மருந்தாயிற்று. நோக்கமின்றித் தவித்த வீரருக்கு, காலையில் எழுந்தவுடன் தம்மை எதிர்பார்த்திருக்கும் ஓர் உயிர் கிடைத்தது. அவர் நோய் அத்துடன் ஒழிந்தது என்று நாம் சொல்லவில்லை. சோதனை தொடரவே செய்தது. 1952-ஆம் ஆண்டில் காசநோய் அவரைப் பற்றியது. நுரையீரலில் அறுவை செய்யப்பெற்று ஈராண்டுக்கும் மேலாக மருத்துவ நிலையத்தில் கிடந்தார். ஆனால் இம்முறை அவர் உள்ளம் தளரவில்லை. படுக்கையிலிருந்தே கடிதங்கள் எழுதிப் புதிய இல்லங்களை எழுப்பினார். கார்ன்வால் பகுதியில் விமானப்படையினர் கைவிட்டுச் சென்ற பழைய கட்டடங்கள், அவர் முயற்சியால் முன்னரே நோயாளர் வாழும் மனையாகியிருந்தன.

1955-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் அந்தேரியில் நம் நாட்டின் முதற் செஷையர் இல்லம் தோன்றியது. பின்னர்த் தில்லியிலும், சென்னை, கோவை முதலிய ஊர்களிலும் இல்லங்கள் எழுந்தன. சாதி, சமயம் பாராமல் சேர்ப்பதும், அவ்வவ்வூர் அன்பர் குழுவே பொறுப்பேற்று நடத்துவதும் இவற்றின் நெறி. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பம்பாயில் அவர் சூ ரைடர் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரும் போர்க்காலத்தில் பணியாற்றியவர். நாஜிச் சிறைமுகாம்களிலிருந்து மீண்டோருக்குத் தொண்டு செய்தவர். மாண்டோருக்குக் கல்லால் நினைவுச் சின்னம் எழுப்புவதைவிட, துன்புறுவோர்க்குச் செய்யும் பணியே உயிருள்ள நினைவுச் சின்னம் என்பது அவர் கொள்கை. இருவரும் இணைந்து அவ்வாண்டே டேராடூனில் ராஃபேல் என்னும் நிலையத்தைத் தொடங்கினர். தொழுநோயாளர், காசநோயாளர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆகியோருக்கு அங்கே இடம் அளிக்கப்பெற்றது.

அவர் பணியில் குறை காண்போர் இருந்ததையும் சொல்ல வேண்டும். லெ கோர்ட்டில் வாழ்ந்த ஊனமுற்றோர் சிலரே, தம் வாழ்வைப் பற்றி முடிவு செய்யும் உரிமை தமக்கு வேண்டும் என்று 1960-களில் குரல் எழுப்பினர். இரக்கம் மட்டும் போதாது, மதிப்பும் வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அறம் செய்வோர் அனைவரும் செவிமடுக்க வேண்டிய குரல் அது. 1989-ஆம் ஆண்டில், உலகப் போர்களில் மாண்டோரின் நினைவாகப் பேரிடர் உதவி நிதி ஒன்றைத் தொடங்கிய செஷையர், நரம்புத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயால் தாமே பிறர் உதவியை நாடும் நிலையடைந்து, 1992-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் காலமானார். அப்போது ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் அவர் பெயரால் இல்லங்கள் இருந்தன.

போரின் மனப்புண்ணுக்கு மருத்துவ உலகம் காலந்தாழ்த்தே முறையான பெயர் சூட்டியது. முதல் உலகப் போரில் அதனைக் குண்டதிர்ச்சி என்றனர். 1980-ஆம் ஆண்டில்தான், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்னும் பெயரால் அமெரிக்க மனநல மருத்துவர் அதனைத் தம் நோய்ப் பட்டியலிற் சேர்த்தனர். இன்று அதற்கு மருத்துவம் உண்டு. அதை நாடுவதற்கு நாணம்தான் தடையாக நிற்கிறது.

1949-ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் நாள் படைவீரர் கொடி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நாமும் உண்டியலில் காசு இட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். அது வேண்டியதே, ஆயினும் அத்துடன் நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. தலைநகர்த் தமிழருள் படைத்துறையோடு தொடர்புடைய குடும்பங்கள் உண்டு. எல்லையிலிருந்து திரும்பிய ஒருவர் நம் தெருவில் தனித்து நடப்பாராயின், அவர் குடித்துக் கெட்டார் என்றோ, கர்வம் பிடித்தவர் என்றோ பேசாதிருப்போம். அவர் வாயிலுக்குச் சென்று அமர்வோம், அவர் பேசினால் கேட்போம், பேசாவிடில் உடனிருப்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வீட்டார் தயங்கினால், கூசாமல் உடன் செல்வோம். நம் சங்க வேலைகளுள் ஒன்றை அவரிடம் ஒப்படைத்து, அவர் வரவை எதிர்பார்ப்போம். வடுவில்லாத அவர் புண்ணும் விழுப்புண்ணே என்று அவர் உணரும் நாள் வரட்டும்.

வாழ்க செஷையர் திருப்பெயர்! வளர்க அவர் தொண்டு!