ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் போட்ட ஜி.டி. நாயுடு

சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓயாமல் ஓடுகிற அரியலூர்ப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்கிற பெயர்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டியரிங்கில் ஆட்டம் வரும், முன்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கும், வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வருவோம். பி.இ. மெக்கானிக்கல் முடித்த நம்ம ஆட்களும் அப்படித்தான். இதை வீட்டு வாசலிலேயே செய்து பார்த்தால் என்ன என்று நினைக்கும்போதெல்லாம் என் ஞாபகத்துக்கு வருபவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. சுமார் இருபது வயதில், ஒரு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மனம் அதிலேயே நின்றுவிட்டது. ஊரை விட்டுக் கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை செய்து, காசு சேர்த்து, கடைசியில் அப்படியொரு வண்டியை வாங்கிவிட்டார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை, பிரித்துப் போட்டார். பிரித்து மாட்டி, மாட்டிப் பிரித்தே மெக்கானிக் ஆனார்.

பிரிக்கிறது யாருக்கும் வரும். திரும்ப மாட்டுவதில்தான் சூட்சுமம். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி வைக்காதவன், புதுசை மாட்டிவிட்டு டோ-இன் கெட்டுப்போய் டயரைத் தின்னக் கொடுப்பான். (எண்ணி மாட்டினாலும் அப்புறம் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆகணும்.) கழற்றிய ஸ்ப்ளிட் பின்னைத் திரும்பப் போடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கொடுக்கணும். தூக்கிய முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி அசைவு தெரிந்தால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ. இடவலமாகப் பிடித்து ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டை ராட். புத்தகத்தில் இதெல்லாம் இருக்கு. ஆனால் எந்த அளவு ஆட்டம் சகஜம், எது ஆபத்து என்று கைக்குத்தான் தெரியும்.

1920-இல் நாயுடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அன்றைய பஸ்ஸுக்குப் பட்டை ஸ்பிரிங். ஷேக்கிள் பின்னும் கிங் பின்னும் கிரீஸ் காணாவிட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டிகளை வைத்துக்கொண்டு யூ.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸை வளர்த்தார். 1933 வாக்கில் ஏறத்தாழ 280 பஸ்கள். 1937-இல் டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து கோவையில் மின்மோட்டார் செய்ததும், ரசாந்த் சவர மெஷினும் எல்லோரும் அறிந்த கதை.

நம் மலருக்கு முக்கியமான விஷயம் வேறு. 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் கோவையில் உருவாக அவர்தான் காரணம். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் தொடர்ச்சி. ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் அங்கே பிரின்சிபால்! நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருஷமே தாராளம், விடுமுறையிலும் வகுப்பு நடத்தலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார்.

இரண்டு வருஷத்தில் தெர்மோடைனமிக்ஸும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் ஒழுங்காக முடியும் என்று நான் நம்பவில்லை. அந்த மட்டில் அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நாலு வருஷம் முடித்தும் ஒரு கிங் பின்னைக் கையில் தொடாமல் வெளியே வருகிறவனைப் பற்றி அவரிடம் என்ன பதில் சொல்வது? கேம்பர், காஸ்டர் என்று பரீட்சையில் படம் போட்டுப் பதினாறு மார்க் வாங்குவோம். தேய்ந்த புஷ் எப்படி இருக்கும் என்றால் முழிப்போம். நம் சங்கம் ஒரு பழைய மாருதி 800-ஐ வாங்கி ஆட்டோமொபைல் லேபில் நிறுத்தினால், ஜூனியர்கள் பிரித்து மாட்டிக்கொண்டே இருக்கலாம். கெட்டுப்போனால் போகட்டும், அதற்குத்தானே வாங்குவது. பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேச உத்தேசம்.

1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தரலாம் என்று நாயுடு முன்வந்தார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, கார் வெளிவரவே இல்லை. 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

கோவை அவிநாசி சாலையில் அவர் பேரில் அருங்காட்சியகமும், பக்கத்திலேயே பழைய கார்களின் மியூசியமும் இருக்கின்றன. மாணவர்கள் போனால் கார்களின் பெயிண்டை மட்டும் பார்த்துவிட்டு வராமல், குனிந்து முன் ஆக்ஸிலையும் பட்டை ஸ்பிரிங்கையும் ஒரு தடவை பாருங்கள்.