டாக்டர் பிராய்டின் பேச்சு

பேச்சையே மருந்தாகக் கொண்டு வைத்தியம் செய்த ஒருவருக்கு வாயிலேயே வியாதி கண்டது. கண்ட பின்பு பதினாறு வருஷ காலம் அதே வாயைக் கொண்டு அதே வைத்தியத்தை அவர் நடத்தி வந்தார். மனோதத்துவ சாஸ்திரத்தில் பெரும் புரட்சி விளைவித்த டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டின் கொள்கைகளைப் பற்றி அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் பல உண்டு. அவற்றை ஆராய்வது இங்கு நமது நோக்கமன்று. வெட்டப்பட்ட வாயுடன் அவர் பேசவும் உண்ணவும் மீண்டும் கற்றுக்கொண்ட வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிராய்ட் 1856-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி மொரேவியா நாட்டில் ப்ரைபெர்க் என்ற சிற்றூரில், யூத வகுப்பைச் சேர்ந்த ஒரு கம்பளி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே வியன்னாவில் குடியேறி, அந்நகரின் ஸர்வகலாசாலையில் 1881-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். மூளையின் கோளாறுகளால் மனிதன் பேச்சை இழப்பது எப்படி என்பதே 1891-ல் அவர் வெளியிட்ட முதல் நூலின் பொருள். பிற்காலத்தில் தமக்கு நேரப் போவதை முன்னறிந்து எழுதினார் போலும் என்று நாம் சொல்லலாம். அவரோ அத்தகைய சகுனங்களை ஒப்புக்கொள்ள மாட்டார். 1900-ல் கனவுகளைப் பற்றிய பிரசித்தமான நூல் வந்தது. நோயாளியை ஒரு சாய்வு மஞ்சத்தில் படுக்க வைத்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் மறைக்காமல் சொல்லச் செய்து, தாம் தலைமாட்டில் அமர்ந்து கேட்டு, வேண்டிய இடத்தில் சில வார்த்தைகள் கூறுவதே அவருடைய முறை. கத்தியில்லை, கஷாயமில்லை, காதும் நாவுமே கருவிகள்.

அவருக்கு ஒரு தீராத பழக்கம் இருந்தது. நாளொன்றுக்கு இருபது சுருட்டு வரையில் புகைப்பார். 1923 பிப்ரவரியில் வலப்புறத்துத் தாடையிலும் அண்ணத்திலும் வெண்ணிறமான தடிப்பு ஒன்றைக் கண்டார். வைத்தியர் பார்த்தால் சுருட்டை விடச் சொல்வார் என்ற அச்சத்தினால் இரண்டு மாதம் அதைப் பற்றி வாய் திறவாதிருந்தார். பிறர் மனத்தின் மறைவிடங்களையெல்லாம் துருவிப் பார்த்தவரும் தம் விஷயத்தில் நம்மைப் போன்றவரே.

ஏப்ரல் 20-ந் தேதி, ஹாயெக் என்ற பேராசிரியரின் ஆஸ்பத்திரியில், வந்து போகும் நோயாளிகளுக்குச் செய்யும் சாதாரண சிகிச்சை போல முதல் ரணசிகிச்சை நடந்தது. வீட்டாருக்குக்கூட அவர் முன்னதாகச் சொல்லவில்லை. தகவல் கிடைத்து மனைவியும் மகளும் ஓடி வந்தபோது, சமையலறை நாற்காலி ஒன்றில் இரத்தம் தோய்ந்த ஆடையுடன் அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு சிறிய அறையில் படுக்க வைத்தனர். அங்கே மற்றொரு கட்டிலில் குள்ள உருவமும் மந்த புத்தியும் கொண்ட ஒரு நோயாளி இருந்தான். உறவினர் உணவு வேளையில் வெளியே அனுப்பப்பட்டிருந்த சமயத்தில், பிராய்டுக்கு மறுபடியும் இரத்தம் பெருகிற்று. கூப்பிடக் குரல் இல்லை. மணியை அழுத்தினார், அது பழுதுபட்டிருந்தது. அந்தக் குள்ளனே எழுந்தோடித் தாதியை அழைத்து வந்தான். உலகப் பிரசித்தி பெற்ற ஒருவரின் உயிர் அன்று பெயர் தெரியாத ஒருவனின் கால்களால் தப்பிற்று.

வியாதி புற்றுநோய்தான் என்பதை வைத்தியர்கள் அறிந்திருந்தும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் மனம் தாங்காது என்று அஞ்சினார்கள். இதனிடையே ஜூன் மாதத்தில், நாலரை வயதுப் பேரன் ஹைனலே க்ஷயரோகத்தால் இறந்தான். பிராய்ட் கண்ணீர் விட்டழுததை அவ்வொரு சமயத்தில்தான் பிறர் கண்டதாகக் கூறுவர். உண்மையை மறைத்த செய்தி பின்னர் தெரிய வந்தபோது அவர் கடுங்கோபம் கொண்டார். நமது குடும்பங்களிலும் இன்றளவும் நடக்கும் காரியம் இது. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் சுற்றியிருப்பவர்கள் கூடிப் பேசிக்கொள்வதை நாம் அன்பென்று கருதுகிறோம். பிராய்ட் அதைத் தம்மைச் சிறுவனாக்கிய அவமதிப்பென்றே கருதினார்.

செப்டம்பர் மாத இறுதியில் ஹன்ஸ் பிஹ்லர் என்ற ரணவைத்தியர் அவரைப் பரிசோதித்தார். வாய், தாடை சம்பந்தமான சிகிச்சையில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் வெகு சிலரே. அக்டோபர் 4-ந் தேதி கழுத்திலுள்ள முக்கியமான இரத்தக்குழாய் ஒன்றைக் கட்டி, தாடையின் கீழிருந்த சுரப்பிகளை அகற்றினார். ஒரு வாரம் கழித்து உதட்டையும் கன்னத்தையும் பிளந்து, வலப்பக்கத்து மேல்தாடை, அண்ணத்தின் பெரும்பகுதி, கீழ்த்தாடையில் ஒரு துண்டு, கன்னத்தின் உட்தோல் ஆகியவற்றை எடுத்தெறிந்தார். இவையெல்லாம் நோயாளி விழித்திருக்கையில், அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நடந்தன. 1884-ல் கொகெய்ன் என்ற வஸ்துவைப் பற்றி ஆராய்ந்தபோது, அது மரத்துப்போகச் செய்யும் தன்மையுடையது என்று குறிப்பிட்டவர்களில் பிராய்டும் ஒருவர். அதை ரணசிகிச்சைக்கு உபயோகிக்கும் வழியை அவருடைய நண்பர் கோலர் கண்டு பெயர் பெற்றார். நவம்பரில் மேலும் ஒரு முறை வெட்ட வேண்டியதாயிற்று. அறுபத்தேழு வயதுக் கிழவர் சில நாள் மூக்கில் செலுத்திய குழாய் வழியாகவே ஆகாரம் உட்கொண்டார். பேச்சு அறவே இல்லை.

அண்ணம் போவதால் மனிதன் எதை இழக்கிறான் என்பதை நம் இலக்கணம் கற்றவர்கள் எளிதில் உணர்வார்கள். நன்னூலார் மெல்லினத்துக்கு மூக்கையும் வல்லினத்துக்கு நெஞ்சையும் இடமாக வகுத்தார். ககரமும் டகரமும் பகரமும் பிறக்க வேண்டுமானால் நெஞ்சிலிருந்து எழும் காற்று வாய்க்குள் அடைபட்டு நின்று பிறகு விடுபட வேண்டும். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கூரை போல நிற்கும் அண்ணம் இல்லாவிடில், அந்தக் காற்று அடைபடுமுன்பே மூக்கு வழியாகப் போய்விடுகிறது. பால் என்று சொல்லப் புகுந்தவன் வாயினின்று மால் என்பது போன்ற ஓசையே வெளிப்படும். வல்லினமெல்லாம் மெல்லினமாகும். அவ்வாறே விழுங்கும் நீரும் சோறும் தொண்டைக்குச் செல்லாமல் மூக்கில் ஏறும். தசைகளும் தழும்பும் இறுகுவதால் வாயும் அகலத் திறவாது.

இந்தத் துவாரத்தை அடைப்பதற்காகப் பெரிய கட்டுப்பல் போன்ற ஒரு கருவியைப் பிஹ்லர் செய்து பொருத்தினார். வீட்டார் அதற்கு அரக்கன் என்று பெயரிட்டார்கள். திறவாத வாய்க்குள் அத்தனை பெரிய பொருளை நுழைப்பதும் எடுப்பதும் தினந்தோறும் ஒரு யுத்தம். ஒரு நாள் அவரும் மகள் அன்னாவும் அரைமணி நேரம் முயன்றும் அதை மாட்ட முடியாமல் ரணவைத்தியரையே அழைக்க வேண்டியதாயிற்று. அன்னா அவருடைய ஒரே தாதி. வேறு தாதியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. இந்தப் பணிவிடையில் பரிவோ இரக்கமோ காட்டலாகாது, அவசியமானதை மட்டும் செய்ய வேண்டும் என்று தந்தையும் மகளும் தொடக்கத்திலேயே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

கருவியில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. அது நெருக்கமாகப் பொருந்தினால்தான் காற்று அடைபட்டுச் சொல் தெளியும். ஆகாரமும் ஒழுங்காக இறங்கும். ஆனால் நெருங்கப் பொருந்தினால் உறுத்திப் புண்ணாகும். புண் ஆற வேண்டித் தளர்த்தினாலோ பேச்சு குழறும், உணவு மூக்கில் வரும். வேதனையா பேச்சா என்று ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. சில நாள் பழகினால் சரியாகும் என்று ஆறுதல் கூறத்தக்க விஷயமன்று அது. இன்று சரியாக அமைந்தது அடுத்த வாரம் தழும்பு சுருங்கியவுடன் அமையாது போகும். மாதக்கணக்கில் ஏறக்குறைய நாள்தோறும் பிஹ்லரிடம் சென்று தேய்ப்பதும் திருத்துவதுமாக இருந்தார். பேச்சை மீட்பதென்பது அவருக்கு ஒரு தரம் செய்து முடித்த காரியமாக இருக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் மறுபடி செய்ய வேண்டியதாக இருந்தது.

1924 ஜனவரியில் அவர் மீண்டும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். குரல் மூக்கோடு கலந்து தடித்திருந்தது. வலது காது மந்தித்துப்போனதால், இடது காதால் கேட்கும்படி மஞ்சத்தையும் நாற்காலியையும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார். நாம் வியப்பது இவ்விடத்தில்தான். கையிலுள்ள சிறு பொருளைக் கணக்கிட்டுச் செலவு செய்யும் குடித்தனக்காரனைப் போல, எஞ்சிய பேச்சை எங்கே செலவிடுவது என்று அவர் தீர்மானித்துவிட்டார். 1922-ல் பெர்லினில் கூடிய மகாநாடே அவர் கலந்துகொண்ட கடைசி மகாநாடு. அதற்குப் பின் மேடை இல்லை. 1930-ல் பிராங்க்பர்ட் நகரம் கேதே பரிசு அளித்தபோது அன்னாவே சென்று அவருடைய உரையை வாசித்தாள். விருந்துகளையும் துறந்தார், உண்பது நெடுநேரம் பிடித்தது, சிந்திற்று, பிறர் பார்க்க உண்பதை அவர் விரும்பவில்லை. மேடையிலும் விருந்திலும் மிச்சம் பிடித்த பேச்சு முழுவதும் மஞ்சத்தில் படுத்திருந்தவர்களுக்குச் சென்றது.

பிரஞ்சுப் பாடகி இவெட் கில்பேர் வந்து கண்டபோது, தம் கருவிக்குப் பிரஞ்சு மொழி தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாராம். 1926-ல் நமது கவி ரவீந்திரநாத் தாகூர் வியன்னாவுக்கு வந்த சமயம், அவர் விருப்பப்படி பிராய்ட் சென்று அவரைச் சந்தித்தார்.

சுருட்டை மட்டும் அவர் விடவில்லை. வாய் திறவாதபோது, துணியுலர்த்தும் கொடியில் மாட்டும் மரக்கவ்வியைப் பற்களிடையே செருகி நெம்பிச் சுருட்டைப் பொருத்திக்கொண்டார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய ஜோன்ஸ் கூறுகிறார். இதை வீரமென்று போற்ற நாம் துணியோம். புதிது புதிதாகத் தோன்றிய தடிப்புகளை வெட்டுவதும் சுடுவதுமாக ரணசிகிச்சைகள் முப்பத்து மூன்றாகப் பெருகின. இந்தியாவில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முன்னணியில் நிற்பதற்கு, புகைக்கும் புகையிலையோடு வெற்றிலை பாக்குடன் சேர்த்து மெல்லும் புகையிலையும் காரணம் என்பதை அறிந்தவர்கள் இவ்விஷயத்தில் அவரைப் பின்பற்ற மாட்டார்கள்.

நல்ல கருவியைத் தேடும் முயற்சியை அவர் கைவிடவேயில்லை. 1928-ல் பெர்லின் சென்று ஷ்ரோடர் என்ற பேராசிரியரிடம் புதிதாக ஒன்று செய்துகொண்டார். அது முந்தியதைவிட மேலாக இருந்தது. 1931-ல் அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த கஸஞ்ஜியன் ஐரோப்பாவுக்கு வந்திருந்தார். ஆர்மீனியாவில் பிறந்த அவர், முதல் உலக யுத்தத்தில் தாடை சிதைந்த போர்வீரர்களுக்கு முகம் அமைத்துக் கொடுத்துப் புகழ் பெற்றவர். பிராய்டின் மாணவியரான இரு மாதர் வற்புறுத்தி அவரை வியன்னாவுக்கு வரவழைத்தனர். இருபது நாள் வேலைக்கு ஆறாயிரம் டாலர் கொடுக்கப்பட்டது. அவ்வளவு செலவுக்கேற்ற சுகம் கிட்டவில்லை. அதே வருஷம் அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்குக் கல்கத்தாவிலிருந்து கிரீந்திரசேகர போஸும் அவர் சங்கத்தாரும் தந்தத்தாலான விஷ்ணு விக்ரகம் ஒன்றை அனுப்பினார்கள். அது அவருடைய எழுத்து மேஜையின் மேல் இடம் பெற்றது.

இன்று முன்கைத் தோலையோ காலெலும்பையோ இரத்தக்குழாயுடன் எடுத்து வாயில் ஒட்டவைத்து, வெட்டிய இடத்தை நிரப்புகிறார்கள். எழுத்தெழுத்தாகப் பேசவும், கவளம் கவளமாக விழுங்கவும் கற்பிக்கத் தனிப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பிராய்டுக்கு இவை எதுவும் இல்லை. எனினும் இன்றைய நோயாளிக்கும் தேவையான ஒன்று அவருக்குக் கிடைத்தது: அவசரப்படாமல் கேட்பவர்கள். குழறிப் பேசுகிறவன் சொல்லை முடிக்குமுன் நாமே முடித்து வைப்பதும், அவனை விட்டு அவன் மனைவியிடம் கேள்வி கேட்பதும் நமது வீடுகளில் சாதாரணம். சிகிச்சை கொடுத்த பேச்சை நமது பொறுமையின்மை பறித்துவிடுகிறது.

1929-ல் மாக்ஸ் ஷுர் என்ற இளம் வைத்தியரைத் தமக்கு அமர்த்திக்கொண்டபோது பிராய்ட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். எப்போதும் உண்மையைச் சொல்ல வேண்டும். காலம் வந்தால் வீணாக வதைபட விடலாகாது. ஷுர் இரண்டுக்கும் கை கொடுத்தார். அறிவு மழுங்குமென்று, கடைசி நாட்கள் வரையில் வலிக்குக் கடுமையான மருந்தெதையும் பிராய்ட் ஏற்கவில்லை, ஆஸ்பிரினோடு நிறுத்திக்கொண்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவில் புகுந்தன. நாஜிகள் வீட்டைச் சோதனையிட்டனர். அன்னாவை ரகசியப் போலீஸார் ஒரு பகல் முழுதும் பிடித்து வைத்தனர். ஜூன் 4-ந் தேதி, எண்பத்திரண்டு வயதில், நாற்பத்தேழு வருஷம் குடியிருந்த வீட்டை விட்டு அவர் வியன்னாவினின்று வெளியேறி லண்டன் சேர்ந்தார். செப்டம்பரில் பிஹ்லர் அங்கே வந்து மறுபடியும் கன்னத்தைப் பிளந்து சிகிச்சை செய்து போனார்.

அவ்வருஷம் டிசம்பர் 7-ந் தேதி லண்டன் ரேடியோவைச் சேர்ந்த பி.பி.ஸி. ஊழியர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் அவர் இல்லத்துக்கு வந்தார்கள். பதினாறு வருஷமாக மேடை ஏறாதவர், தமதல்லாத ஆங்கில பாஷையில், தாம் செய்த வேலையைப் பற்றிச் சில வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு சொல்லும் பிரயாசையுடன் வருகிறது. ஆனால் பொருள் விளங்காத சொல் மிகச் சிலவே.

1939-ன் தொடக்கத்தில் நோய் கத்திக்கெட்டாத இடத்துக்குச் சென்றுவிட்டது. ரேடியச் சிகிச்சை செய்தார்கள். அப்போதும் சில நோயாளிகளைப் பார்த்து வந்து, ஆகஸ்டு 1-ந் தேதிதான் தொழிலை நிறுத்தினார். புண்ணின் துர்நாற்றம் தாளாமல் அவர் பிரியமாக வளர்த்த நாயும் அருகே வர மறுத்தது. செப்டம்பர் 21-ந் தேதி ஷுரின் கையைப் பற்றிப் பழைய வாக்குறுதியை நினைவூட்டி, அதை அன்னாவுக்கும் தெரிவிக்கச் சொன்னார். ஷுர் மார்பின் மருந்தைச் செலுத்தினார். 23-ந் தேதி அதிகாலை மூன்று மணிக்கு பிராய்ட் காலமானார். லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் தகனம் நடந்தது. அன்று பி.பி.ஸி.யார் பதிந்து போன அந்த இரண்டு நிமிஷப் பேச்சை இன்றும் கேட்கலாம்.